சுவருக்கு அடியில் பன்னிரண்டு குழிகள்: ஓர் அண்டர்பின்னிங் வேலையைப் பற்றி

பக்கத்து மனையில் தரைக்குக் கீழே ஒரு தளம் தோண்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே அம்மாவின் கட்டிலை இடம் மாற்றிவிட்டேன். எங்களுடையது தாத்தா கட்டிய வீடு. கீழும் மேலுமாக இரண்டு தளம், சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய செங்கல் சுவர், கருங்கல் அஸ்திவாரம். பக்கத்து மனையைப் பார்த்த சுவர் 12 மீட்டர் நீளம். அந்தச் சுவரை ஒட்டித்தான் அம்மா இத்தனை வருடமும் படுத்திருந்தார். தோண்டும் குழி 4 மீட்டர் ஆழம் என்றும், எங்கள் சுவரிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி வரும் என்றும் வரைபடத்தில் பார்த்தேன்.

அஸ்திவாரத்தைப் பலப்படுத்த ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். அவர்கள் செய்த அண்டர்பின்னிங் வேலையைப் பற்றி, அதாவது பழைய அஸ்திவாரத்துக்குக் கீழே புதிதாக ஒன்றைக் கட்டியதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நல்லதோடு குறையையும் சொல்லப் போவதால் பெயரைக் குறிப்பிடவில்லை. இப்படி ஒரு வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு இது உதவும்.

மூன்று பேரை அழைத்துப் பேசினேன். முதலில் வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் ஆகாது, நாலு முட்டுக் கொடுத்தால் போதும்" என்றார். இரண்டாமவர் மைக்ரோபைல் போடலாம் என்றார். அது நல்ல முறைதான். போரில் சேதமடைந்த பழைய கட்டடங்களைத் தாங்குவதற்காக 1950-களின் தொடக்கத்தில் இத்தாலியில் பெர்னாண்டோ லிட்சி என்ற பொறியாளர் உருவாக்கியது. 30 சென்டிமீட்டருக்கும் குறைவான விட்டத்தில் துளையிட்டு, கம்பி வைத்து, சிமென்ட் கலவை நிரப்பி, மரத்தின் வேர் மாதிரி மண்ணுக்குள் இறக்குவார்கள். ஆனால் எங்கள் அஸ்திவாரக் கற்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்காமலே அவற்றின் வழியாகத் துளையிடலாம் என்று அவர் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவதாக வந்த பொறியாளர் ஒரு பெண். அவர் எந்த முறையையும் சொல்லவில்லை. "மேடம், முதலில் இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால் நான் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இவர்களைத் தேர்ந்தெடுத்தேன். கட்டணம் மற்ற இருவரையும் விட அதிகம். அது பற்றி இன்று எனக்கு வருத்தமில்லை.

சோதனைக் குழிகள் தோண்டிய பிறகுதான் வீட்டின் உண்மை நிலை தெரிந்தது. அஸ்திவாரம் ஒரு முனையில் 90 சென்டிமீட்டர் ஆழம் இருந்தது, இன்னொரு முனையில் 70 மட்டுமே. கற்களுக்கு இடையே இருந்த சுண்ணாம்பு பல இடங்களில் கரைந்து போயிருந்தது. ஒரு கல்லை விரலால் அசைக்க முடிந்தது. அதற்கு அடியில் மணல் கலந்த களிமண். 1.9 மீட்டருக்குக் கீழே போன பிறகுதான் கடப்பாரை துள்ளுகிற அளவுக்குக் கெட்டியான சரளை மண் வந்தது.

அங்கேயே பொறியாளர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அஸ்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து 45 டிகிரி சாய்வில் ஒரு கோடு கீழே இறங்குவதாக வைத்துக்கொள்ள வேண்டும். சுவரின் பாரத்தைத் தாங்குகிற மண் ஏறக்குறைய அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது. மண்ணைப் பொறுத்து இது மாறும், ஆனாலும் முதல் கணக்கு இதுதான். 90 சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்கும் கோடு, 2.5 மீட்டர் தள்ளிப் போகும்போது 3.4 மீட்டர் ஆழத்தில் இருக்கும். பக்கத்துக் குழியோ 4 மீட்டர். அதாவது எங்கள் சுவர் நம்பியிருக்கும் மண்ணைத்தான் அவர்கள் வெட்டி எடுக்கப் போகிறார்கள். அஸ்திவாரத்தை 2.1 மீட்டருக்குக் கொண்டுபோனால் கோடு 4.6 மீட்டருக்கு இறங்கிவிடும், குழியின் தரைக்கும் கீழே. கெட்டி மண்ணும் கிடைத்துவிடும். நான் கணக்கு எழுதும் வேலையில் முப்பது வருடம் இருந்தவள். இவ்வளவு தெளிவாக யாராவது எனக்குப் புரியவைத்தால் நம்பிக்கை தானாக வருகிறது.

அண்டர்பின்னிங் என்பது அஸ்திவாரத்துக்குக் கீழே இன்னோர் அஸ்திவாரம் கட்டுவது. மேலே குடும்பம் குடியிருக்க, கீழே மண்ணை எடுத்துவிட்டுக் கான்கிரீட் வைக்கிறார்கள். கேட்கவே வயிற்றைக் கலக்கும். ஆனால் வேலை தொடங்குவதற்கு முன் அவர்கள் செய்த ஆயத்தம்தான் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி.

முதலில் வீடு முழுக்க இருந்த விரிசல்களை அளவுகோல் வைத்துப் படம் எடுத்தார்கள். எந்த அறை, தரையிலிருந்து என்ன உயரம், எவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. பக்கத்து மனைக்காரரின் ஒப்பந்ததாரரையும் வரவழைத்து, அவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு விரிசல் பழையதா புதியதா என்ற சண்டையே வராமல் போனதற்கு இந்தக் கையெழுத்துதான் காரணம்.

அப்புறம் மாடிப்படிக்கு மேலே இருந்த பெரிய விரிசலின் இரு பக்கமும் சின்னப் பித்தளைத் திருகுகள் வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை வெர்னியர் காலிப்பரால் 0.1 மில்லிமீட்டர் வரை அளக்கலாம். சுவர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, வெளிச்சுவரில் 1.5 மீட்டருக்கு ஒன்றாக ஒன்பது மட்டக் குறிகள். இவற்றை எதோடு ஒப்பிடுவது என்பதிலும் கவனமாக இருந்தார்கள். குழியின் பாதிப்பு எட்டாத அளவு தள்ளியிருந்த ஒரு கட்டடத்தில் ஆதாரக் குறி வைத்தார்கள். வீடும் ஆதாரக் குறியும் சேர்ந்து இறங்கினால் கருவி ஒன்றும் ஆகவில்லை என்றுதான் காட்டும்.

மண்வெட்டி படுவதற்கு முன்பே மூன்று வாரம் அளந்தார்கள். எதற்கு இந்தத் தாமதம் என்று எனக்கு அப்போது பதற்றமாக இருந்தது. வீடு தன்பாட்டில் எவ்வளவு அசைகிறது என்று தெரிந்தால்தான் குழியால் எவ்வளவு அசைகிறது என்று பிரிக்க முடியும் என்றார் பொறியாளர். உண்மைதான். அந்த மாடிப்படி விரிசல் காலைக்கும் மாலைக்கும் 0.2 மில்லிமீட்டர் மாறியது. வெயிலுக்கும் குளிர்ச்சிக்கும் சுவர் நீண்டு சுருங்குவதால் வரும் மாற்றம். அதனால் தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்று முடிவானது. காலை எட்டு மணி என்று நான் பிடித்துக்கொண்டேன்.

கற்கள் உதிரியாக இருந்ததால் நேராகக் கீழே தோண்ட முடியாது. தோண்டினால் அஸ்திவாரமே கல் கல்லாகக் கொட்டிவிடும். எனவே முதலில் சுண்ணாம்புக் கலவையை நீர்மமாகக் கரைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில், கற்களின் இடுக்குகளுக்குள் செலுத்தினார்கள். அது இறுகும் வரை பத்து நாள் காத்திருந்தார்கள்.

பிறகு மேஸ்திரி வந்தார். சுவரின் அடியில் சுண்ணாம்புக் கட்டியால் மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, பன்னிரண்டு கட்டமாகப் பிரித்து எண் எழுதினார். ஒரு முனையில் தொடங்கி வரிசையாகப் போவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் 1, 5, 9 மூன்றையும் வட்டமிட்டார்.

"ஏன் மேஸ்திரி இப்படித் தாவித் தாவிப் போகிறீர்கள்?"

"வரிசையாகப் போனால் சுவர் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும் அக்கா. நாலில் ஒரு பங்குதான் எப்பவும் காலியாக இருக்கணும். மிச்சம் மூணு பங்கும் மண்ணில் நிற்கணும்" என்றார்.

முதல் சுற்றில் 1, 5, 9. இரண்டாவதில் 3, 7, 11. அடுத்து 2, 6, 10. கடைசியாக 4, 8, 12. ஒவ்வொரு சுற்றிலும் திறந்திருக்கும் குழிகளுக்கு நடுவே மூன்று மீட்டர் சுவர் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். முதலில் 1, 5, 9 திறந்த அன்று நான் வெளியில் நின்று பார்த்தேன். சுவருக்கு வெளியே ஒரு ஆள் இறங்கும் அளவு குழி. மண் சரியாமல் பக்கங்களில் பலகை, குறுக்கே முட்டு. அதிலிருந்து உள்ளே குடைந்து, எங்கள் அஸ்திவாரத்தின் அடிப்பாகத்தை வெளிக்கொண்டு வந்தார்கள். தாத்தா காலத்துக்குப் பிறகு அந்தக் கற்களின் அடிவயிற்றை யாரும் பார்த்ததில்லை. மேஸ்திரி கம்பித் தூரிகையால் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். மண் ஒட்டியிருந்தால் கான்கிரீட் கல்லைத் தொடாமல் மண்ணைத்தான் தொடும், நாளைக்கு அந்த மண் நசுங்கினால் சுவர் அவ்வளவும் இறங்கும் என்றார்.

கான்கிரீட்டை அஸ்திவாரத்தை முட்டும் வரை நிரப்பவில்லை. 75 மில்லிமீட்டர் இடைவெளி விட்டார்கள். கான்கிரீட் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். முட்ட நிரப்பினால் மேலே கண்ணுக்குத் தெரியாத சந்து விழும், பாரம் இறங்காது. ஒரு நாள் கழித்து அந்த இடைவெளியில் உலர் கலவை திணித்தார்கள். ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல், பெயருக்குத் தண்ணீர். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஈரம் வழியக் கூடாது. அதைப் பிடிபிடியாக உள்ளே தள்ளி, கட்டையை வைத்துச் சுத்தியலால் இடித்து இறுக்கினார்கள். அறைக்குள் அம்மாவுக்கு அந்தச் சத்தம் நெஞ்சில் அடிப்பது போல இருந்தது. ஆனால் இந்த வேலை முழுவதிலும் உயிரான இடம் அந்த 75 மில்லிமீட்டர்தான். பழைய சுவரின் பாரம் புதிய கான்கிரீட்டுக்குக் கைமாறுவது அங்கேதான்.

என் முதல் குறையும் அங்கேயே. 10-வது கட்டத்தில் மேஸ்திரி விடுப்பில் இருந்தார். வேறு இரண்டு பேர் மாலை அவசரத்தில் கலவையைத் திணித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை மேஸ்திரி வந்து சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தார். 9-ல் கணீரென்று வந்த சத்தம் 10-ல் பொத்தென்று வந்தது. முன்பக்கம் மட்டும் இறுகியிருந்தது, உள்ளே பஞ்சு மாதிரி. எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டுத் திரும்பச் செய்தார்கள். சரிசெய்தார்கள் என்பது உண்மை. ஆனால் மேஸ்திரி தட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் குழியை மண் போட்டு மூடியிருப்பார்கள். மேற்பார்வை ஒரே ஒருவரின் அக்கறையை நம்பி இருந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இவர்களை அமர்த்துகிறவர்கள், ஒவ்வொரு கட்டத்தையும் மூடும் முன் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். 10-க்குப் பிறகு நான் கேட்டேன், செய்தார்கள்.

பன்னிரண்டும் முடிய ஒன்பது வாரம் ஆனது. அதற்குள் சுவர் 2 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பாரம் புதுக் கான்கிரீட்டில் உட்காரும்போது இவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பக்கத்து மனையில் அதுவரை குழி தோண்டத் தொடங்கவில்லை. இதற்கு அவர்களைச் சம்மதிக்க வைத்ததும் எங்கள் பொறியாளர்தான். குழியைத் தோண்டிக்கொண்டே சுவரைத் தாங்குவது என்பது மூழ்குகிறவருக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது மாதிரி.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்டர்பின்னிங் சுவரின் பாரத்தை ஆழத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். பக்கவாட்டில் மண் குழியை நோக்கி நகர்வதை அது தடுக்காது. அதற்குக் குழியின் ஓரத்தில் வரிசையாகப் பைல் என்ற ஆழமான தூண்களை இறக்கி, குறுக்கே இரும்பு முட்டுகள் கொடுக்க வேண்டும். அது பக்கத்து மனைக்காரரின் வேலை. எங்கள் பொறியாளர் அவர்களுடைய வரைபடத்தையும் வாங்கிப் பார்த்து, ஒவ்வொரு முட்டும் எந்த ஆழத்தில் எப்போது விழ வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் ஒப்பந்தத்தில் இல்லாத வேலை இது. இதற்காக அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

தண்ணீர் விஷயத்தில் நான்தான் அதிகம் பயந்தேன். 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகம், பக்கத்தில் நடந்த சுரங்க ரயில் வேலையின்போது இடிந்து விழுந்ததைப் படித்திருந்தேன். குழியின் தடுப்புச் சுவரில் இருந்த ஒரு குறை வழியாகத் தண்ணீரும் மண்ணும் உள்ளே பாய்ந்துவிட்டன. இரண்டு பேர் இறந்தார்கள். தண்ணீரைவிட, தண்ணீரோடு போகும் மண்தான் ஆபத்து. இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தின் அடித்தளத்தைச் சரிசெய்தபோது, தண்ணீரை இறைத்தால் சுவர் விழுந்துவிடும் என்பதால் முதலில் இறைக்கவே இல்லை. வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவர் 1906 முதல் 1911 வரை, இருட்டான சேற்று நீருக்குள் மூழ்கி, கையால் தடவித் தடவிக் கான்கிரீட் மூட்டைகளை அடுக்கினார். நீர் கசியாதபடி அடியை மூடிய பிறகுதான் மேலே இருந்த நீரை இறைத்தார்கள்.

பக்கத்து மனைக் குழியில் 3 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் வந்தது, மோட்டார் போட்டு இறைத்தார்கள். தினமும் மாலை ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்துப் பாருங்கள் என்று பொறியாளர் சொல்லிக் கொடுத்தார். அடியில் மண் படிந்தால், அது எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்தும் வந்திருக்கலாம். முதல் நான்கு நாளும் அடியில் விரற்கடை அளவு மணல் படிந்தது. படத்தை அனுப்பினேன். அன்றே வந்து பேசி, வடிகட்டி வைத்த துளைக் கிணற்றிலிருந்து இறைக்கும்படி மாற்ற வைத்தார்கள். அதற்கப்புறம் புட்டியில் தண்ணீர் தெளிவாக இருந்தது. ஜன்னல் ஓரத்தில் தேதி ஒட்டி வரிசையாக வைத்திருந்தேன். வேலைக்கு வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. மட்ட அளவுகளை வாரம் இருமுறை எடுத்தார்கள், ஆனால் அறிக்கை என் கைக்கு வர எட்டு, ஒன்பது நாள் ஆனது. குழி தோண்டும் காலத்தில் ஒன்பது நாள் பழைய அளவு எதற்கு உதவும்? சுவர் இறங்குவது 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் பேச வேண்டும், 10 தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்று எல்லை வகுத்தவர்களே இவர்கள்தான். குழி 3 மீட்டரைத் தொட்ட வாரத்தில் மாடிப்படி விரிசல் நான்கு நாளில் 0.9 மில்லிமீட்டரிலிருந்து 1.3-க்குப் போனதை என் காலிப்பரில் நானே பார்த்தேன். தொலைபேசியில் கூப்பிட்டேன். அலுவலகத்தில் எடுத்தவர் அறிக்கை வரட்டும் என்றார். பொறியாளரின் எண்ணுக்கு நேராகப் பேசிய பிறகுதான் அன்று மதியமே கருவியோடு வந்தார்கள். நான்காவது குறி 5.5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துக் குழியில் இரண்டாவது வரிசை முட்டுப் போடாமலே கீழே தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

10 ஆகும் வரை காத்திருக்காமல் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்த வைத்தார் பொறியாளர். குழியின் அந்த ஓரத்தில் மண்ணைத் திரும்பக் கொட்டி அணைகட்டிவிட்டு, முட்டுகளை இறுக்கிய பிறகு, ஆறு நாள் கழித்துத்தான் தொடர விட்டார். அந்த ஆறு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. வந்த பிறகு அவர்கள் செய்ததில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வரவைப்பதற்கு நான் காலிப்பரோடு நிற்க வேண்டியிருந்தது என்பதுதான் என் வருத்தம். அளந்த அன்றே எண்கள் கைக்கு வர வேண்டும். அறிக்கை பிறகு அழகாக வரட்டும். இந்த ஒன்றை மட்டும் அவர்கள் திருத்திக்கொண்டால் யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன்.

பக்கத்துக் கட்டடம் இப்போது தரைக்கு மேலே எழுந்துவிட்டது. நான்காவது குறி 6 மில்லிமீட்டரில் நின்றது. அதற்குப் பக்கத்துக் குறி 4.5. ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம், அதாவது 1000-ல் 1. சுவர் எவ்வளவு இறங்கியது என்பதைவிட இந்தச் சரிவுதான் முக்கியம். மொத்த வீடும் சமமாக இறங்கினால் விரிசல் வராது. பொதுவாக 500-ல் 1 என்ற சரிவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். மாடிப்படி விரிசல் 1.4-ல் நின்றுவிட்டது, அம்மா அறை ஜன்னலுக்கு மேலே மயிரிழை போல ஒரு புதிய விரிசல். இரண்டும் பூசி வண்ணம் அடித்தால் போகிற வகைதான். மூன்று மாதம் அளவு மாறாமல் இருந்த பிறகே பூச வேண்டும் என்றார்கள், அந்தக் கெடு போன வாரம் முடிந்தது. கட்டில் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

பாக்கி ஒன்று இருக்கிறது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு ஆழத்தில் கான்கிரீட் நிற்கிறது என்று காட்டும் முடிவான வரைபடம் இன்னும் வரவில்லை. ஒப்பந்தத்தில் உண்டு. நாளைக்கு இந்தச் சுவரோரம் யார் தோண்டினாலும் முதலில் கேட்கப் போவது அந்தத் தாளைத்தான். இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டேன். வந்ததும் இதில் சேர்த்து எழுதுகிறேன்.